பதிவேட்டில் கூப்பிடும் பெயர்

ஹலோ... ஹலோ, லியாந்த்ரோ? ஐம்பத்தோரு மணி நேரம் ஆச்சுடா. பிள்ளை பொறந்து ஐம்பத்தோரு மணி நேரம். ... ஆமா, எண்ணிக்கிட்டுதான் இருக்கேன். புதன் காலையில எட்டு மணி, இப்ப வெள்ளி பதினொண்ணு. அப்பன் நீ எண்ணலேன்னா அத்தைதானே எண்ணணும்?

... ஆமா. ... ஆமா ஆமா, தெரியும். எழுபத்திரண்டு மணி நேரத்துக்குள்ளன்னா ஆஸ்பத்திரியிலயே பேரைப் பதிஞ்சிடலாம். ஆனா நாளைக்குச் சனிக்கிழமை, அங்க பதிவு ஜன்னல் திறக்காது. அப்ப இன்னிக்கு ரெண்டு மணி வரைக்கும்தான். அதுக்குத்தான் கூப்பிட்டேன். ... வாழ்த்தா? வாழ்த்து அன்னிக்கே சொல்லிட்டேனே. பூ வந்துச்சா இல்லையா? ... வந்துச்சில்ல. அப்புறம் என்ன.

நீ காலையில அனுப்பின படத்தைப் பார்த்தேன். ... பிள்ளை படம் இல்லடா. படிவம். பெருமையா படம் பிடிச்சு அனுப்பியிருக்கியே, அது. "காந்தெலா எக்ஸ்போசிதோ மொந்தால்வோ." என்னது இது? ... எனக்குப் படிக்கத் தெரியும். காந்தெலா சரி, அதுக்குப் பின்னால வர்ற ரெண்டு குடும்பப்பெயரோட வரிசையைக் கேக்கறேன். உன் பொண்டாட்டியோடது முன்னால, நம்மளோடது பின்னால. ... ஓஹோ. சேர்ந்து முடிவு பண்ணினீங்களா. எப்ப? வலி வந்தப்பவா? வலியில கிடக்கிறவ எதைக் கேட்டாலும் சரின்னுதான்டா சொல்லுவே நீ.

... சட்டம் இருக்குடா. யாரு இல்லைன்னா? அம்மா பேரு முன்னால வரலாம், அப்பா பேரு முன்னால வரலாம். சட்டத்துல என்னென்னமோ செய்யலாம்னு இருக்கு. செய்யணும்னு இருக்கா?

இரு... என்ன ஹசிந்தோ சார்? பிரிண்டர்ல காகிதம் சிக்கிக்கிச்சா? பக்கவாட்டு மூடியைத் திறங்க. பச்சைக் கைப்பிடி. பச்சை சார்... கணக்கு வாத்தியாரு, பச்சைக்கும் நீலத்துக்கும் வித்தியாசம் தெரியல. ... உன்னை இல்ல. நீ பேசு.

... கேளு. இருபத்தி ரெண்டு வருஷமா இந்தப் பள்ளிக்கூட அலுவலகத்துல வகுப்புப் பட்டியல் போடறவ நான். ரெண்டாவது குடும்பப்பெயரை யாரும் வாயால சொல்றதில்ல. பதிவேட்டுல கூப்பிடறது முதல் பேரு. நோட்டு அட்டையில முதல் பேரு. பந்து விளையாடற சட்டை முதுகுல முதல் பேரு. பின்னால இருக்கறது காகிதத்துல மட்டும் தூங்கும். அங்க வை உன் பொண்டாட்டி பேரை. தூங்கட்டும். யாரு வேண்டாம்னா? ... அது மட்டும் இல்ல, இந்தப் பிள்ளைக்கு என்ன வரிசையோ, அடுத்து பொறக்கறதுக்கும் அதே வரிசைதான். மாத்த முடியாது. யோசிச்சியா? ... யோசிக்கல.

... நீவெஸ் மேல எனக்கென்ன கோபம்? நல்ல பொண்ணு. உன்னைக் கட்டிக்கிட்டதைத் தவிர அவ மேல ஒரு குத்தமும் சொல்ல மாட்டேன். பேரைச் சொல்றேன். எக்ஸ்போசிதோன்னா என்னன்னு தெரியுமா உனக்கு? ... தெரியுமா. சொல்லு. ... ஆமா. லத்தீன். வெளியில வைக்கப்பட்டது. பால்காரன் வாசல்ல பாட்டில் வச்சிட்டுப் போற மாதிரி. அநாதை இல்லத்துச் சுவத்துல ஒரு சுத்துற மரப்பெட்டி, அதுல பிள்ளையை வச்சுத் திருப்பிவிட்டுட்டு, மணியை அடிச்சிட்டு ஓடிடுவாங்க. உள்ள எடுத்தவங்க, வந்த பிள்ளைக்கெல்லாம் இதே பேரை எழுதுவாங்க. யோசிக்கக்கூட சோம்பேறித்தனம்! இது குடும்பப்பெயரா? குடும்பம் இல்லைங்கிற சீட்டு. அதைப் பொறந்த பிள்ளை நெத்தியில ஒட்டப் போற.

... எத்தனை? ... இருபதாயிரம் பேருக்கு மேலயா? எங்க பார்த்த? ... புள்ளியியல் அலுவலக இணையதளத்துலயா! பொண்டாட்டி தையல் பிரியாம படுத்திருக்கா, இவரு பக்கத்துல உக்காந்து ஜனத்தொகை எண்ணிக்கிட்டு இருக்காரு. ... ம். நம்ம ஹாயென் மாகாணத்துல நிறையவா. ஆகா. அது பெருமையா? நம்ம மாகாணத்துல நிறைய பேரு பிள்ளையை வெளியில வச்சிட்டு ஓடியிருக்காங்கன்னு அர்த்தம்டா, முட்டாள். ஆலிவ் எண்ணெய் மாதிரி அதுவும் நம்ம விளைச்சல்!

சிரிக்காத. ... நான் சிரிக்கல.

மொந்தால்வோ எப்படி இருக்கு சொல்லு. வெள்ளை மலை. கூப்பிட்டுப் பாரு, வாய் நிறையுதில்ல? தொலேதோவுல இருந்து அப்பா வாங்கிட்டு வந்து கூடத்துல மாட்டினாரே, மொந்தால்வோ சின்னம் போட்ட கேடயம். அதைப் பார்த்துப் பார்த்துப் பதினெட்டு வயசுல கையில பச்சை குத்திக்கிட்டு வந்தவன் நீ. அந்தக் கையாலயா கையெழுத்துப் போடப் போற? ... ஆமா, அப்பா அன்னிக்கு உன் கையைப் பார்த்துட்டு, பாதிச் சாப்பாட்டுல எழுந்து போனாரு. ஞாபகம் இருக்கு. ... பச்சை குத்தினது பிடிக்கலேன்னு நினைச்சியா? ... ம். அப்படியே வச்சுக்கோ. ... ஒண்ணுமில்ல. அப்படியே வச்சுக்கோன்னேன்.

... என்னது, யாரு? நீவெஸோட கொள்ளுத்தாத்தாவா? ... சரி, சொல்லு, அதையும் கேக்கறேன். ... ஆமா. ... ஆமா, அந்தப் பேரை வேணாம்னா மாத்திக்கலாம்னு சட்டம் வந்து நூறு வருஷம் ஆச்சு. தெரியும். ... குமாஸ்தாவே கேட்டாரா? ... கூப்பிட்டு உக்கார வச்சுக் கேட்டும் வேணாம்னுட்டாரா? என்னை வச்சிட்டுப் போனவங்க பேரு தெரியாது, எடுத்தவங்க கொடுத்தது இதுதான்னாரா? ... நல்லா இருக்கு. கேக்க நல்லா இருக்கு. மெடல் குத்தலாம். அவரு பெரிய மனுஷன், வேணாம்னுட்டாரு. மூணாம் வகுப்புல உக்காந்திருக்கிற பிள்ளையை யாராவது கேட்டாங்களா?

... ஆமா, மூணாம் வகுப்பு. ஏன் மூணாம் வகுப்புன்னா... சும்மா சொன்னேன். ... இப்ப பிள்ளைங்க அப்படி இல்லையா? நீ எத்தனை பள்ளிக்கூடத்தைப் பார்த்திருக்க? நான் இங்கதான்டா இருக்கேன். ... இருக்காங்க. இந்தப் பேருல இங்கயே நாலு பேரு இருக்காங்க. ... இல்ல. ... இல்லைன்னு சொல்றேனில்ல, அந்த நாலு பேர்ல யாரும் இதுக்காக என்கிட்ட அழுதுக்கிட்டு வந்ததில்ல. செல்போன் உடைஞ்சதுன்னு அழறாங்க. ... ஏன்னா அர்த்தம் தெரியாது! யாருக்கும் தெரியாது! அது நல்லதாப் போச்சு. தெரிஞ்ச ஒரு வாத்தியாரு போதும்.

அப்படித்தான் ஆச்சு. ... எங்க வகுப்புல ஒரு பொண்ணு. உபேதா ஊர்ல, நீ பொறக்கறதுக்கு முன்னால. உன் பொண்டாட்டிக்கு இருக்கிற அதே குடும்பப்பெயர். அந்த டீச்சர் வீட்டுப்பாடம் கொடுத்தாங்க. அவங்கவங்க குடும்பப்பெயர் எங்கேருந்து வந்துச்சுன்னு வீட்டுல கேட்டுட்டு வரணும். மறுநாள் ஒவ்வொருத்தரா எழுந்து நின்னாங்க. எரேரான்னா இரும்புப் பட்டறை. மொலினான்னா மாவு ஆலை. எல்லாரும் கை தட்டினாங்க. இவ எழுந்தா. வீட்டுல கேட்டேன், எங்கப்பா தெரியாதுன்னுட்டாருன்னா. டீச்சர், அதனால என்ன, நான் சொல்றேன்னு சொல்லிட்டாங்க. பெட்டி, மணி, எல்லாம். பலகையில படம்கூட வரைஞ்சாங்க. ரொம்ப நல்லாவே வரைஞ்சாங்க.

... அப்புறம் என்ன. மறுநாள் அவ நாற்காலியில ஒரு அட்டைப்பெட்டி. உள்ள துணியில சுத்தின பொம்மை. டீச்சர் தூக்கிப் போட்டாங்க. அடுத்த நாள் மறுபடியும். பள்ளிக்கூடத்துல அலுத்துப் போனதும் பசங்க வீட்டுக்கே வந்தாங்க. சாயங்காலம் மணி அடிக்கும். கதவைத் திறந்தா யாரும் இருக்க மாட்டாங்க. வாசல்ல பெட்டி. பதினாலு நாள். நீ சிரிக்கற மாதிரி விளையாட்டுதான். கல்லெறியல, அடிக்கல. மணி அடிச்சிட்டு ஓடறதுதானே.

... ஆமா. எப்பவும் அவ அப்பாதான் திறப்பாரு. ... கத்தல. ஒரு நாள் கூடக் கத்தல. தெருவை ரெண்டு பக்கமும் பார்ப்பாரு. அப்புறம் குனிஞ்சு அந்தப் பொம்மையை எடுத்து உள்ள கொண்டுவருவாரு. அம்மா கத்துவாங்க, அந்தக் கருமத்தை ஏன் உள்ள கொண்டுவர்றீங்கன்னு. அவரு பதில் சொல்ல மாட்டாரு. அழுக்கைத் துடைச்சு, அடுப்புப் பக்கத்துல ஒரு முக்காலி மேல உக்கார வைப்பாரு. வெளியில விட அவருக்கு மனசு வராது. முட்டாள் மனுஷன். பொம்மைடா அது! ஒரு கண்ணு பிடுங்கின பழைய பொம்மை. மறுநாள் காலையில பசங்க வந்து அதைத் திருப்பிக் கேப்பாங்க, சாயங்காலம் வைக்கறதுக்கு. கொடுத்திடுவாரு. கடைசி நாள் மட்டும் கொடுக்கல. அந்த வாரமே போய் விண்ணப்பம் போட்டாரு. அந்தப் பேரை எடுத்துட்டு, தன் அம்மாவோட குடும்பப்பெயரைத் தனக்கும் பிள்ளைக்கும் வாங்கினாரு. ஊரையும் மாத்திட்டாங்க. அவ்வளவுதான். பட்டியல்ல அவ இல்ல.

... என்ன? ... எதைக் கேக்கற? ... அவங்க வீட்டுக்குள்ள நடந்தது எனக்கு எப்படித் தெரியும்னா... அவ சொன்னா. ... சிநேகிதிதான். ... முக்காலி கூடவா சொல்லுவான்னா, சொன்னாடா, என்ன இப்ப? சிநேகிதிங்க எல்லாத்தையும்தான் சொல்லுவாங்க.

ஹசிந்தோ சார், கொஞ்சம் வெளியில இருங்க. ... சிக்கினா சிக்கட்டும். கதவைச் சாத்திட்டுப் போங்க.

... எந்தப் பொம்மை? ... நம்ம வீட்டு அலமாரி மேலயா? ... ஏன், நாட்டுல ஒத்தைக் கண்ணு பொம்மை ஒண்ணே ஒண்ணுதான் இருக்கா? அதையும் புள்ளியியல் அலுவலகத்துல கேட்டுப் பாரு. ... பெரியம்மா பொண்ணோடதுன்னு அம்மா உன்கிட்டச் சொன்னாங்க, தெரியும். ... தெரியும்டா. ... அப்பா வருஷத்துக்கு ஒரு தடவை இறக்கித் துடைப்பாரு. ஆமா. நானும் பார்த்திருக்கேன்.

... இல்ல, இருக்கேன். லைன்லதான் இருக்கேன்.

... இல்ல. அழல. ஜலதோஷம்.

... என்ன சொன்ன? திரும்பச் சொல்லு. ... பொம்மையைக்கூட வெளியில விட முடியாதவரு, அவருக்கு எதுக்கு வெக்கம்னா? ... ம். ... ம். அதை அவருகிட்ட யாரும் கேக்கலையேடா. அந்தப் பொண்ணு கேட்டிருக்கலாம். அவ என்ன சொன்னா தெரியுமா? பதினாலு நாளும் ராத்திரி சாப்பாட்டுல ஒரே பேச்சு: வேற பேரு வாங்கிக் கொடு, வேற பேரு வாங்கிக் கொடு. வாங்கிக் கொடுத்தாரு. அதுக்கப்புறம் யாருகிட்டயும் சொல்லக்கூடாதுன்னு சத்தியம் வாங்கினாரு. பொறக்கப்போற தம்பிக்கு... யாருக்கும்.

... நான் ஒண்ணும் சொல்லல.

... யாரு அது பின்னால? நீவெஸா? ... ஜன்னல்ல கூப்பிடறாங்களா. அதுக்குள்ளயா? மணி என்ன... பதினொண்ணரை. சரி. ... பேனா இருக்கா? கீழ வச்சிட்டுக் கேளு. ... வேணாம், கையிலயே வச்சுக்கோ. எழுதிக்கிட்டே கேளு. நீவெஸ் சொன்ன மாதிரியே எழுது. ... ஆமா. முன்னாலதான். அதையே முன்னால எழுது. ... மனசு மாறல. என் மனசு உனக்கெதுக்கு? எழுதுன்னா எழுது. பிள்ளைக்கு அர்த்தம் நீ சொல்லிக் கொடு. வாத்தியாரு சொல்றதுக்கு முன்னால நீ சொல்லு. எடுத்தவங்களைப் பத்தி முதல்ல சொல்லு, வச்சிட்டுப் போனவங்களைப் பத்தி அப்புறம். ... எழுத்துப் பிழை விடாத. கடைசி வரைக்கும் எழுது.

... முடிச்சியா? ... ம்.

... விட மாட்டியா நீ. அந்தப் பொண்ணு பேரா? எதுக்கு உனக்கு? ... பிள்ளை பெரியவளானா கேப்பாளா. ... சரி. ... சரி சரி, சொல்றேன். ஒரு தடவைதான் சொல்லுவேன். நாப்பது வருஷமா யாரும் இதைச் சொல்லிக் கூப்பிட்டதில்ல.

கசில்தா. உங்க அக்கா. கசில்தா எக்ஸ்போசிதோ.