தகரத்தில் இருந்த மேடுகள்

நெருங்கி உட்காருங்கப்பா. அந்தப் போனை அணைச்சு வை... கண்ணைக் குத்துது. நடுவுல யாராவது சிரிச்சீங்க, மிச்சத்தைச் சொல்லமாட்டேன், ஆமா.

ராத்திரி பதினொன்னு இருக்கும். மியூசியத்துக்குப் பின்னாடி ஒரு ரோடு. ஒரு பக்கம் மதில், இன்னொரு பக்கம் ஒண்ணுமே இல்ல. என்கூடப் படிச்ச ஒட்டடைக்குச்சி இருக்கானே, அவனோட அக்கா வீட்டுக்காரர் அதுல சைக்கிளைத் தள்ளிக்கிட்டு வர்றார். டிங்கர் அவர். நசுங்கின வண்டியைத் தட்டி நிமிர்த்தற வேலை. சுத்தியல் அவர் சொன்ன பேச்சு கேட்கும்.

மதிலுக்கு அந்தப் பக்கம்... டொம்.

கொஞ்சம் விட்டு... டொம். டொம்.

நின்னுட்டார். சுத்தியல் பையில இருக்கு. அவர் வேலை பாக்கற மியூசியம் ஷெட்டைப் பூட்டினதும் அவர்தான். உள்ள இருக்கறது ஒரே ஒரு வண்டி.

யுத்த காலத்து வேன் அது. பின்பக்கம் பெட்டி மாதிரி, சுத்தித் தகரம், ஜன்னல் கிடையாது. ஏரி வத்தினப்போ சேத்துல இருந்து எடுத்தது. அதை என்ன செய்யறதுன்னு மியூசியத்துல ஒரே சண்டை. "கிடைச்சபடியே இருக்கட்டும், ஒரு கீறலைக்கூடத் தொடாதீங்க"ன்னு அங்க வேலை பாக்கற மேடம். "திறப்பு விழாவுக்குப் பெரிய மனுஷங்க வர்றாங்க, பழைய இரும்புக் கடையா நடத்தறோம்?"னு மேலதிகாரி. யார் பேச்சு எடுபடும், சொல்லுங்க? டிங்கரைக் கூப்பிட்டாங்க. மனுஷனும் ஜோரா தட்டி நிமிர்த்தி, பச்சை பெயின்ட் அடிச்சு, புதுசாவே ஆக்கிட்டார்.

வேலை பாக்கும்போதே ஒண்ணு அவருக்கு உறுத்தியிருக்கு. அடிபட்ட வண்டி உள்பக்கமா குழியும். இது பூரா வெளிப்பக்கமா புடைச்சிருந்துச்சு... உள்ள இருந்து இடிச்ச மாதிரி. தோள் உயரத்துல சிலது. முழங்கால் உயரத்துல நிறைய. சின்னச் சின்னதா.

பெயின்ட் காயாத அந்த ராத்திரிதான் இந்தச் சத்தம்.

திரும்பிப் போய், வேன் கதவைத் திறந்து டார்ச் அடிச்சார். காலி. சேத்து வாடை மட்டும். மூடினா... டொம். திறந்தா நிக்குது. திறந்தே விட்டுட்டு வீட்டுக்குப் போனார். காலையில பார்த்தா சாத்திக் கிடக்கு. தினம் இதே கதை.

மேடம்கிட்டப் போய்க் கெஞ்சினார். "அம்மா, அந்த மேடெல்லாம் இருந்த இடத்துலயே திரும்பத் தட்டி வச்சுடறேன். எங்கெங்கன்னு என் கைக்குத் தெரியும்."

மேடம் கோபப்படலையாம். "இனிமே தட்டினா அது உங்க கைத்தடம்தான். ஜனங்களை உள்ள போட்டுப் பூட்டினாங்கன்னு சொல்ல அந்த மேடு ஒண்ணுதான் இருந்துச்சு. அது போயிடுச்சு"ன்னாங்க.

விழாவுக்கு முந்தின ராத்திரி, வேன் கதவுக்குச் செங்கல்லை முட்டுக் கொடுத்துட்டு உள்ளயே படுத்துட்டார். "போயிடுங்க சாமி... கதவு திறந்துதான் இருக்கு"ன்னு இருட்டுல சொல்லிக்கிட்டே இருந்திருக்கார். எப்போ கண்ணசந்தாரோ... கதவு சாத்தற சத்தம். எழுந்து தள்றார், அசையல. விடிய விடியக் கையால இடிச்சார், கத்தினார். வாட்ச்மேன் ஷெட் வாசல்லயே முழிச்சுக்கிட்டு இருந்தான். அவன் காதுல ஒரு பொட்டுச் சத்தம் விழல.

விடிஞ்சதும் அவன்தான் வந்து திறந்தான். டிங்கருக்குக் கை ரெண்டும் வீங்கி, தோல் உரிஞ்சு... தகரத்துல ஒரு தடம்கூட இல்ல. கைத்தாங்கலா இறக்கினாங்க. வெளிய கார் வந்து நிக்குது. மேலதிகாரி "மூடு, மூடு"ங்கறார். வாட்ச்மேன் கதவுல கை வச்சான்.

டிங்கர் அவன் கையைப் புடிச்சுக்கிட்டார். "கொஞ்சம் பொறுப்பா... பிள்ளைங்க இன்னும் இறங்கல."

வாட்ச்மேன் உள்ள எட்டிப் பார்த்தான். யாரும் இல்ல.

மூடிட்டான்.