பிரையனியின் சம்மதம்

பிரையனியின் கைகள் எப்போதும் சில்லென்றுதான் இருக்கும். ஹோபார்ட் கோடையிலும் கையுறை தேடுவாள். கல்யாணமான நாள்முதல் அந்தக் கைகளைச் சூடாக்குவது என் வேலை.

டெவிட்டா, டோங்காவிலிருந்து இவ்வளவு தூரம் வந்து நீ ஒன்றே ஒன்றைத்தான் கேட்கிறாய்: அக்கா நிஜமாகவே ஒத்துக்கொண்டாளா? சொல்கிறேன், உட்கார்.

கரைவிளக்கு மென்பொருளை அவளும் நானும் தொடங்கினோம். நடுக்கடலில் படகு எங்கே நிற்கிறது என்று கரைக்குச் சொல்லும். யாரும் இலவசமாக எடுக்கலாம், திருத்தலாம், திருத்தியதைத் திறந்தே வைக்க வேண்டும். அவரவர் எழுதிய நிரல் வரி அவரவருக்கே சொந்தம். அதனால் இந்த உரிமத்தை மாற்ற, எழுதிய ஒவ்வொருவரும் நம் பொதுப் பக்கத்தில் 'சம்மதம்' என்று போட வேண்டும். இந்த வழக்கத்தை வைத்தவளே அவள்தான்.

சிட்னி நிறுவனம் ஒன்று, நிரலை யாரும் பார்க்க முடியாதபடி பூட்டிக் காசுக்கு விற்பதற்காக அதை வாங்க வந்தது. மற்றவர்கள் படித்தும் படிக்காமலும் சம்மதம் போட்டார்கள். நீ மட்டும் முரண்டு பிடித்தாய். "பிரையனி அக்கா சரின்னா எனக்கும் சரி. அவங்க வாயால சொல்லட்டும்" என்று எழுதினாய்.

அவள் அப்போது மருத்துவமனையில், புற்றுநோயின் கடைசி நாட்களில் இருந்தாள். நான் கேட்டபோது சிரித்தாள்.

"உன் வரிய நீ வித்துக்கோ, லாக். என்னோடதத் தொடாதே. டெவிட்டாவோட தம்பி இத நம்பித்தான்டா படகுல போறான்."

"நீ போனப்புறம் எனக்குன்னு என்ன இருக்கும்?"

"கரைவிளக்கு இருக்கும்ல, மக்கு."

என்னை நேசித்தவள் சொல்லும் பதிலா இது? நெஞ்சு உடைந்துபோயிற்று. இன்னும் ஒட்டவில்லை.

மறுநாள் பிற்பகல் வலி கூடியது. அழைப்பு மணியின் பொத்தான் தலையணைக்கு அடியில் இருக்கும். போர்வையை மடித்தபோது அதை என் பக்கம் எடுத்து வைத்திருந்தேன். நர்சைக் கூப்பிடச் சொன்னாள். கூப்பிடுகிறேன் என்றேன். அதற்கு முன் அவள் போனை நீட்டினேன். 'சம்மதம்' என்று நானே தட்டச்சு செய்திருந்தேன், அனுப்ப வேண்டியதுதான் பாக்கி. அவள் தலையைத் திருப்பிக்கொண்டாள். நான் அவசரப்படுத்தவில்லை, நாற்காலியில் உட்கார்ந்து காத்திருந்தேன். ஜன்னல் வெயில் கட்டிலை விட்டு இறங்கிச் சுவருக்குப் போகும்வரை காத்திருந்தேன். "லாக், ப்ளீஸ்" என்றாள். அதற்கு முன் அவள் யாரிடமும் கெஞ்சி நான் பார்த்ததில்லை.

பிறகு நர்ஸ் வந்தாள், மருந்து கொடுத்தாள், பிரையனி தூங்கினாள். பொதுப் பக்கத்தில் அவள் சம்மதத்துக்குக் கீழே எல்லோரும் இதயக்குறி போட்டிருந்தார்கள். உன் சம்மதமும் வந்துவிட்டது. அதன்பின் அவள் என்னோடு பேசவில்லை, களைப்பு.

படகுகளின் இடத்தைக் கரைக்குச் சொல்லிவந்த பழைய சர்வரை அந்த நிறுவனம் நிறுத்தும் என்று ஒப்பந்தத்திலேயே இருந்தது. புயல் வரும், உன் தம்பி விலியாமி அன்று கடலில் இருப்பான் என்று யார் கண்டது? அவன் படகைத் தேட முடியாமல் போனதற்காக அழுதிருக்கிறேன்.

ஆனால் உன் கேள்விக்குப் பதில் இதுதான், டெவிட்டா. அக்கா உன்னை ஏமாற்றவில்லை, நானும் ஏமாற்றவில்லை. அழுத்தியது அவள் விரல்தான். கை சில்லென்றிருந்தது. எப்போதும்போல நான் பிடித்துக்கொண்டேன், அவ்வளவுதான்.