பச்சைக் கயிறு

ரெக்சி, இதை யாருக்கும் காட்டாதே. உன் அம்மாவுக்குக்கூட வேண்டாம். நாளைக்குப் பள்ளிப் பிரிவுபசார விழாவில் பேசச் சொல்லி சிஸ்டர் எழுதிக் கொடுத்த தாள் மடித்தபடியே பைக்குள் இருக்கிறது. நான் பேசப்போவது அது இல்லை, இது. அக்கா மாதிரி நானும் வெளியூரில் தங்கிப் படிக்க வேண்டும். வீட்டில் சொல்ல வாய் வரவில்லை. ஏற்கெனவே ஒருத்தி போய் வீடு காலியாகக் கிடக்கிறது. மேடையிலாவது சொல்லிவிடலாம் என்று பார்க்கிறேன். அப்பா முன்வரிசையில் இருப்பார். நான் திக்கி நின்றால் திரைக்குப் பின்னாலிருந்து நீதான் எடுத்துக்கொடுக்க வேண்டும். புள்ளி வைத்த இடங்களில் நானே நிறுத்துவேன், அங்கே அவசரப்பட்டுவிடாதே. வணக்கம் சொல்வதெல்லாம் மனப்பாடம். நடுவிலிருந்து எழுதுகிறேன்.

...பெரியோர்களே, தோழிகளே, இந்த இடத்தில் ஒரு குட்டிக் கதை. பயப்படாதீர்கள், அடுப்பில் வைத்துவிட்டு வந்த குழம்பு கொதிப்பதற்குள் முடித்துவிடுவேன்.

ஒரு ஊரில் ஒரு அப்பா. எந்த ஊர்? நம் தூத்துக்குடிதான். விசைப்படகில் இருபத்திரண்டு வருட வேலை. அவருக்குத் தெரிந்த சட்டம் ஒன்றே ஒன்று. கட்டாத பொருள் கடலுக்குச் சொந்தம். ஐஸ் பெட்டியா, கட்டு. தண்ணீர் கேனா, கட்டு. சோற்றுப் பானையா... அதையும் கட்டு.

அவருடைய மூத்த மகள் ஜெனோவாவுக்குக் கோயம்புத்தூரில் கல்லூரி. அந்த வீட்டிலிருந்து கல்லூரிக்குப் போகும் முதல் பிள்ளை. பெண்கள் விடுதிக்குள் அப்பாக்கள் நுழைய வருடத்தில் ஒரே ஒரு நாள்தான் அனுமதி, பெட்டி தூக்குவதற்காக. அதுவும் மாலை நான்கு மணி வரை.

அறையில் இரண்டு கட்டில். ஒன்றில் பொள்ளாச்சியிலிருந்து வந்த மிருதுளா என்ற பெண். அவள் பக்கத்துச் சுவரில் குட்டி விளக்குச் சரம், புகைப்படங்கள், காகிதப் பூக்கள். இந்தப் பக்கம்? அம்மா மாதா படத்தை மாட்டினார். நெத்திலிக் கருவாட்டுத் தொக்கை மூன்று உறை போட்டு அலமாரிக்கு அடியில் ஒளித்தார். அப்பா...? அப்பா பைக்குள்ளிருந்து ஒரு சுருள் பச்சை நைலான் கயிற்றை எடுத்தார்.

வாளியை வராந்தாக் கம்பியில் கட்டினார். குளிக்கும் மக்கை வாளியோடு கட்டினார். மேசையைக் கட்டிலோடு கட்டினார். கடைசியில் மகளின் இரும்புப் பெட்டியைக் கட்டில் காலோடு சேர்த்துக் கட்டினார்.

பார்த்துக்கொண்டே இருந்த மிருதுளா பொறுக்க முடியாமல் சொன்னாள். "அங்கிள், ஹாஸ்டல் எங்கேயும் போகாதுங்க. இங்கேயேதான் நிக்குமுங்க."

"காத்து அடிக்கட்டும் பிள்ள, அப்ப தெரியும்."

வராந்தாவில் நின்ற பெண்கள் சிரித்தார்கள். அம்மாவும் சிரித்துவிட்டார். ஜெனோவா மட்டும் சிரிக்கவில்லை.

நாலு மணிக்கு மணி அடித்தது. அப்பாவும் அம்மாவும் இறங்கிப் போனார்கள். நாலரைக்கு யாரோ ஒருத்தி கதவில் எட்டிப் பார்த்து, "இதுதான் அந்தக் கயிறு ரூமா?" என்று கேட்டாள். அவ்வளவுதான்... ஜெனோவா முடிவு செய்துவிட்டாள். இந்த ஊர் வேண்டாம், படிப்பும் வேண்டாம். அப்பாவும் அம்மாவும் ஏறப்போகும் ஆறு மணி பஸ்ஸிலேயே திரும்பிவிடலாம்.

பெட்டியை இழுத்தாள். பெட்டியோடு கட்டிலும் வந்தது.

நகத்தால் பிய்த்தாள். பல்லால் கடித்தாள். மிருதுளாவும் சேர்ந்து இழுத்தாள். இழுக்க இழுக்க முடிச்சு இறுகியது. ஓடிப் போக நினைத்தவள் உதவிக்கு யாரைக் கூப்பிட்டாள் தெரியுமா? அதே அப்பாவைத்தான், போனில்.

"அப்பா, பெட்டிக் கெட்டு அவுர மாட்டேக்கு."

"பெட்டி எதுக்கு இப்பம்?"

இவள் முடிச்சை மறுபடி பிடுங்கினாள். அந்தப் பக்கம் டீக்கடையில் கண்ணாடி டம்ளர் கழுவும் சத்தம் கேட்டது.

"முடிச்சைப் பிடுங்காத மக்கா. பிடுங்குனா இறுகும். கட்டில் காலுக்கு உள்பக்கம் கையை விடு. சின்னதா ஒரு வால் தொங்குதா?"

"ஆமா."

"அதை இழு."

இழுத்தாள். ஒரே இழுப்பு. மொத்தக் கயிறும் தரையில் கிடந்தது.

"அவுந்துட்டுப்பா."

"அவுரும். கடல்ல ஒரு ஆபத்துன்னா சட்டுன்னு விட்டுரணும்லா, அதுக்குன்னு உள்ள முடிச்சு அது. வாலை உன் பக்கமாத்தான் விட்டுருக்கேன். நாங்க கேட்டுக்கு எதுத்தாப்புல டீக்கடையிலதான் இருக்கோம். வாரதுன்னா வா. ஒருத்தரும் உன்னை ஒண்ணும் கேக்க மாட்டோம்."

ஜெனோவா பெட்டியைப் பார்த்தாள். கயிற்றைப் பார்த்தாள். இனி தடுக்க ஒன்றுமில்லை... என்ன செய்தாள்?

"அப்பா... இதைத் திருப்பி எப்படிக் கெட்டணும்?"

அம்மா பக்கத்தில் மூக்கைச் சிந்துவது போனில் கேட்டதாம். அப்பா டீயை அப்படியே வைத்துவிட்டுச் சொல்லிக் கொடுத்தாராம். "வாலை மறந்துராத" என்று மட்டும் மூன்று தடவை.

அடுத்த வாரம் மழையும் காற்றும் அடித்ததில் வராந்தாவிலிருந்த வாளிகள் எல்லாம் கீழே பறந்தன, ஒன்றைத் தவிர. இப்போது மிருதுளாவின் வாளியும் பச்சைக் கயிற்றில்தான் நிற்கிறது.

இதை ஏன் சொல்கிறேன்? தோழிகளே, ஜூன் மாதம் நம்மில் பலர் பெட்டி கட்டப் போகிறோம். வீட்டில் போடும் கட்டு மூச்சு முட்டுகிறதா? பிடுங்காதீர்கள். உள்பக்கம் கையை விட்டுத் தேடுங்கள், நமக்காக விட்ட வால் இருக்கும். பெற்றோர்களே, நீங்கள் கட்டுங்கள்... நன்றாக இறுக்கியே கட்டுங்கள். வாலை மட்டும் எங்கள் பக்கம் விட்டுவிடுங்கள். எப்போது வேண்டுமானாலும் வீட்டுக்கு வரலாம் என்று தெரிந்த பிள்ளைதான் போன இடத்தில் பயமில்லாமல் நிற்கும்.

அந்த ஜெனோவா என் அக்கா. அந்த அப்பா... இதோ, முன்வரிசையில் இருக்கிறார். அப்பா, நானும் போய்ப் படிக்க வேண்டும். பயமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் போக வேண்டும். அடுத்த தடவை கயிறு வாங்கும்போது எனக்கும் சேர்த்து

ரெக்சி, கதவைத் தட்டுகிறார்கள். அப்பாதான். தாளை மடிக்கிறேன், மீதியை மேடையில் கேட்டுக்கொள்.