மைக்கில் சொன்ன ஜெபம்

– கையை விடு கிருபா. சிங்கவரம் பஸ்ஸு வந்துடும், நான் போவணும்.

– அழுதுக்கிட்டே போவாதடி கலை. மொகத்தையாவது கழுவிக்கோ. பேராயர் ஐயா இன்னும் கெளம்பல, எல்லாரும் கேட்டாண்டதான் நிக்கிறாங்க.

– நிக்கட்டும். இனிமே யார் பாத்தா இன்னா? எங்க நைனா கடலூர் ஜெயில்ல இருக்காருன்னு மைக்குல சொல்லிட்டியே. ஊரு பூரா கேட்டுச்சே.

– நான் யாருக்கும் சொல்லலடி. மெய்யாலும், ஆண்டவருக்குத்தான் சொன்னேன்.

– உங்க ஆண்டவருக்கு மைக்கு வச்சாத்தான் காது கேக்குமா?

– அப்டி பேசாதடி. ப்ளஸ் டூ பரிட்சைக்கு முன்னாடி வெக்கிற ஆராதனை. போதகர் ஐயாதான் கூப்ட்டு, 'உங்க கிளாஸ் புள்ளைங்க பாரத்தையெல்லாம் எடுத்துச் சொல்லி ஜெபம் பண்ணும்மா'ன்னாரு. கண்ண மூடினேன். மஞ்சுவோட ஜுரத்துக்கு வேண்டிக்கிட்டேன், சேரன் வீட்டு ஆபரேஷனுக்கு வேண்டிக்கிட்டேன். அடுத்தது உன் மொகந்தான் வந்துச்சு. மனசுல இருந்தது வாயில வந்துடுச்சு.

– வாயில வந்துடுச்சாம். நெல்ல கொட்டினா அள்ளிக்கலாம், சொல்ல கொட்டினா அள்ள முடியுமா? சொந்த ஊர உட்டுட்டு நாங்க சிங்கவரத்துக்கு வந்ததே யாருக்கும் தெரியக் கூடாதுன்னுதான். நைனா துபாய்ல இருக்காருன்னு ஆறாவதுலேந்து சொல்லிக்கினு வரேன். துபாய்லேந்து இன்னா வாங்கியாந்தாருன்னு கேட்டா, அதுக்கு இன்னொரு பொய். உன் ஒருத்திகிட்டதான் நெசத்த சொன்னேன். உங்க கோயிலுக்குள்ள, சிலுவைக்கு கீழ வச்சி சொன்னேன். சத்தியம் பண்ணுன்னு கேட்டதுக்கு நீ இன்னா சொன்ன?

– நாங்க சத்தியம் பண்ண மாட்டோம், என் வார்த்தையே போதும்னேன்.

– அந்த வார்த்தைதான் இன்னைக்கி ஸ்பீக்கர்ல வந்துச்சு.

– கலை...

– மொத வரிசையில யார் உக்காந்திருந்தாங்க, பாத்தியா?

– கண்ண மூடியிருந்தேனேடி.

– நான் தொறந்துக்கினுதான் இருந்தேன். பஜார்ல பாத்திரக்கடை ஜெயம் அம்மா. அவுங்க பெரிய புள்ளைக்குத்தான் எங்க அக்காவ கேட்டிருக்காங்க. வெள்ளிக்கெழம தட்டு மாத்த வரதா இருந்தாங்க. சின்னப் புள்ள பரிட்சைக்காக வந்த அம்மா, நீ ஜெயில்னதும் கண்ண தொறந்தாங்க. என்னையே பாத்தாங்க. பைய எடுத்துக்கினு பாதியில எழுந்து போயிட்டாங்க.

– ஐயோ, எனக்கு தெரியாதேடி! நானே போயி அந்தம்மா கால்ல விழுறேன்.

– விழுந்து இன்னா சொல்லுவ? பொய்யின்னு சொல்லுவியா?

– அது எப்டிடி...

– தோ பாத்தியா. ஒரு பொய் சொல்ல உனக்கு மனசு வராது. ஆனா உன்ன நம்புனவள தெருவுல நிறுத்த மட்டும் வரும்.

– தப்புதான்டி. பெரிய தப்புதான். ஆனா கெட்ட எண்ணத்துல பண்ணலயே. நான் ஜெபம் பண்ணக் கத்துக்கிட்டதே உன்னப் பாத்துதான். பொறந்ததுலேந்து கோயிலுக்கு வரேன், எனக்கு முட்டி போட்டா கால் மரத்துடும். நீ நெத்தி நெறைய குங்குமத்தோட வந்து, மணி அடிக்கிறதுக்கு முன்னாடி கடைசி பெஞ்சாண்ட முட்டி போட்டு அழுவ. எங்கப்பா உபதேசியாரா இத்தினி வருஷம் இருக்காரு. அவரே சொல்லுவாரு, 'அந்தப் பொண்ணோட விசுவாசம் நம்ம சபையில யாருக்கு இருக்குது'ன்னு.

– உங்கப்பாவுக்கும் சொல்லிட்டியா?

– விசுவாசத்த பத்தி மட்டுந்தான்டி. அடுத்த வாரம் ஐகோர்ட்ல நைனாவோட அப்பீல் வருதுன்னு நீதான சொன்ன? ஒருத்தி அழுது கேக்கறத பள்ளிக்கூடமே சேந்து கேட்டா கெடைச்சிடாதான்னு தோணுச்சு. 'கலைவாணியோட தகப்பனார விடுதலை பண்ணும் ஆண்டவரே'ன்னேன். பேராயர் ஐயாவே சத்தமா ஆமென் சொன்னாருடி! எனக்கு உடம்பெல்லாம் சிலுத்துப் போச்சு. வேணும்னா பாரு, கண்டிப்பா வந்துடுவாரு உங்க நைனா.

– எங்க நைனா எதுக்கு உள்ள போனாருன்னு சொன்னேன்?

– வரப்பு தகராறு. மம்புட்டியால யாரையோ வெட்டிட்டாருன்னு சொன்ன.

– யாரன்னு கேட்டியா?

– நீ அழுதியேடி. கேக்க மனசு வரல.

– பேரண்ட்ஸ் மீட்டிங்குக்கு எங்கம்மா வந்தாங்களே, எந்தக் கையால கையெழுத்து போட்டாங்க?

– எடது கையால. வலது கைதான் மடங்காதே. கெணத்துல வழுக்கி விழுந்துட்டாங்கன்னு நீதான்... கலை?

– கெணறும் இல்ல, வரப்பும் இல்ல. வீட்டு வாசல்ல நடந்தது. கோர்ட்ல ஏறி நின்னு, 'எங்க நைனாதான் வெட்னாரு'ன்னு கைய காட்டி சொன்னவ நான். போலீஸ்காரங்க இட்டுக்கினு போவும்போது திரும்பிப் பாத்து, 'வெளிய வந்து உன்ன வச்சிக்கிறேன்'னாரு.

– அப்டின்னா... தெனமும் முட்டி போட்டு, அழுது அழுது நீ கேட்டது?

– அந்தாளு வெளிய வரவே கூடாதுன்னுதான்டி.