சந்தனம் வெச்ச டிவி

— செத்த மாட்டுக்கு நாடி புடிக்கறாப்பல என்னத்தப்பா கைலாசம் அத்தன நேரமாத் தடவற? சொத்தைன்னு ஒரு வார்த்தை சொல்லு, முடிஞ்சுது. வாசல்ல மயில்சாமி லாரியத் திருப்பி நிறுத்திட்டுக் காத்துக் கெடக்கறான். சேலத்துக்குப் பைப் ஏத்தப் போறவன் ஆட்டையாம்பட்டி வழியாத்தான் போறான். பொட்டியையும் ஏத்தி, பொட்டி கொண்டாந்த எம் மருமவளையும் ஏத்தி அவங்கப்பன் ஊட்டு வாசல்லயே எறக்கியுட்டுட்டுப் போவான்.

— முதுகு மூடிய இப்பத்தானுங்கம்மா களட்டறேன். டிவி மெக்கானிக்குன்னா வேப்பலை அடிக்கறவன்னு நெனச்சுக்கிட்டீங்களாட்டம் இருக்குது. திருச்செங்கோட்டுல கடையப் பூட்டிப் போட்டு வந்திருக்கறேன். சித்தெ பொறுங்க.

— பொறுத்துப் பொறுத்துத்தான் இந்தக் கெதி. சேலத்துல புதுசா வாங்குனேன்னு சீர்வரிசையில நட்ட நடுவுல வெச்சான் இவங்கப்பன். ஒறம்பரை சனமெல்லாம் வாயப் பொளந்து பாத்தாங்க. ரெண்டு தீவாளி தாண்டலை. எவனோ தூக்கி எறிஞ்ச பழசத் தொடச்சுக் குடுத்துட்டான்.

— பழசில்லீங்கத்தை. எருமை ரெண்டையும் வித்துப் புதுசாத்தான் எங்கப்பன் வாங்குச்சு.

— நீ வாயத் தொறக்காத சௌந்திரம். எருமைய வித்தவன் எருமையாட்டத்தான் வாங்குவான்.

— அம்மிணி, அந்தப் பையில குண்டு பல்பு இருக்குது, எடுங்க. ஏனுங்கம்மா, இங்க பாருங்க. இந்தத் தகடுதான் பவர் சப்ளை போர்டு. ஊட்டுக் கரண்ட்டு மொதல்ல இதுக்குள்ள வந்து, அளவாகித்தான் மத்ததுக்குப் போவும். இதுல மெல்லிசா பீசுக் கம்பி இருக்க வேண்டிய எடத்துல தாம்புக் கயிறாட்ட ஒரு கம்பி கெடக்குதே, இது யாரு வேலை?

— எம் பையன் செங்கோடன் கட்டுனது. போர் போடற ரிக்கு லாரியோட ஆந்திரா போறதுக்கு மொத நாளு லாரி வயர்ல உருவிக் கட்டுனான். கட்டிப் போட்டதும் ஊட்டுக் கரண்ட்டே போயிருச்சு. பொட்டி அத்தன சொத்தை.

— ஊடு பத்தாம இருந்ததே உங்க குலசாமி புண்ணியமுங்க. போர் போடறவரு போர் போட்டாப் போதாதுங்களா?

— எம் பையனப் பேசாத. பாறையத் தொளச்சுத் தண்ணி காட்டறவன் அவன்.

— தண்ணி காட்டட்டும். கரண்ட்டுல கை வெக்க வேண்டாம். சரி, புது பீசு போட்டாச்சு. இதுக்கு நேராக் கரண்ட்டுக் குடுக்க மாட்டேன். இந்த பல்பை நடுவுல கோத்துக் குடுப்பேன். பல்பு பளிச்சுனு எரிஞ்சா உள்ளார ஷார்ட்டு. எரிஞ்சுட்டு மங்குனாப் பொட்டி பொழச்சுது. ஸ்விட்ச்சப் போடுங்க அம்மிணி.

— போட்டுட்டேனுங்கண்ணா. பளிச்சுனுதான் எரியுதுங்க. மங்கவே மாட்டேங்குது.

— நாஞ் சொன்னனா இல்லியா? எம் மவ ஊட்டுல போயிப் பாரு, கலர் டிவி. பூவு பூவாட்ட, பச்சை பச்சையாட்டத் தெரியுது. இங்க கருப்பும் வெள்ளையும், அதுவும் இப்ப வெறும் கருப்பு. சௌந்திரம், உங்கப்பன்கிட்டச் சொல்லிப் போடு. கலர் டிவியோட வந்தாத்தான் உனக்கு இந்த வாசப்படி. இரு, மயில்சாமியக் கயிறு எடுத்து வெக்கச் சொல்லீட்டு வாரேன்.

— அம்மிணி, ஸ்விட்ச்ச நிறுத்துங்க. உங்க மாமியா வெளிய போயிட்டாங்க, கேக்கறேன். செங்கோடன் இதுக்கு என்ன சொல்றாரு?

— அம்மா சொன்னாச் செரின்னாருங்க.

— அவ்வளவுதானா? பாறையத் தொளைக்கறவருக்கு வாயி மட்டும் தொறக்கலை.

— அது எப்பவும் தொறக்காதுங்கண்ணா. கைலாசண்ணா, எப்படியாச்சும் இதச் சரி பண்ணிக் குடுத்துருங்க. உங்களக் கும்பிட்டுக் கேக்கறேன். இன்னைக்கே இது எந்திரிக்கோணும்.

— கும்புடறத மலை மேல சாமிகிட்ட வெச்சுக்குங்க. போர்டைத் திருப்பிப் பாக்கறேன், வெளிச்சத்தக் காட்டுங்க. இதென்னது, மஞ்சளா ஒட்டியிருக்குது? ஏனுங்கம்மா, வந்தீங்களா, நல்லதாப் போச்சு. இந்த போர்டுக்குப் பொட்டு வெச்ச மவராசி யாருங்க?

— என்ன பொட்டு?

— சந்தனப் பொட்டு. மேல குங்குமம் வேற. டயோடுக்கு ஒண்ணு, கண்டன்சருக்கு ஒண்ணு, பீசு பக்கத்துல கட்டை வெரல் அகலத்துக்கு ஒண்ணு. மாரியாத்தா மொகமாட்டம் அலங்காரம் பண்ணி வெச்சிருக்குதுங்க.

— நாந்தான் வெச்சேன், ஆயுத பூசைக்கு. அதுல என்ன கண்ட? ரிக்குக்கு மேலோட்டமாவா வெக்கறோம்? பானட்டத் தூக்கி எஞ்சினுக்கு வெக்கறோம், கம்ப்ரசருக்கு வெக்கறோம். வேலை செய்யறது உள்ளாறதான இருக்குது. மேல வெச்சா அது பலகைக்கு வெச்சது. செங்கோடன மூடியக் களட்டச் சொல்லி எங் கையால வெச்சேன்.

— கெட்டியா வெச்சீங்களா, தண்ணியாட்டமா?

— பன்னீர் ஊத்திக் கொழச்சேன். சாமி காரியத்துல நாங்க கஞ்சத்தனம் பண்றதில்ல.

— அட கெரகமே. பொறகு டிவி எப்பப் போட்டீங்க?

— அன்னைக்கு சாயங்காலமே. இவதான் போட்டா, டப்புன்னுச்சு. வெளங்காத கை.

— கையைச் சொல்லாதீங்க. ஈரச் சந்தனம் கரண்ட்டு போற ரெண்டு கோட்டுக்கும் நடுவுல பாலம் போட்டுருச்சு. கரண்ட்டு அது மேல பாஞ்சு சந்தனமே கரியாப் போச்சு. கரியிலயும் கரண்ட்டு போவும். நூறு பீசு போட்டாலும் நூறும் போவும். எஞ்சினுக்கு வெச்சா எண்ணெயோட எண்ணெயா வழிஞ்சு போவும். இது எஞ்சின் இல்லீங்கம்மா.

— அன்னைக்கே சொன்னேனுங்கத்தை, ஈரம் ஆவாதுன்னு. போட வேண்டாம்னும் சொன்னேன். நீங்கதான் பூசை முடிஞ்சு ஓட்டிப் பாக்கோணும்னீங்க.

— எருமைக்காரன் மவ எனக்குப் பூசை சொல்லிக் குடுக்கறாளா?

— இன்னொண்ணும் கேட்டுக்குங்க. இதுல பத்த வெச்சிருக்கற ஈயமெல்லாம் கம்பெனியில வெச்ச ஈயம். ஒரு எடத்துலயும் வேற கை படலை. பொட்டி புதுசு. பழசுன்னு இனிமே யாருகிட்டயும் சொல்லிக்கிட்டுத் திரியாதீங்க, கேக்கறவன் சிரிப்பான்.

— அண்ணா, அதச் சித்தெ சத்தமாச் சொல்லுங்க. மயில்சாமியண்ணன் காதுலயும் உழுவட்டும்.

— அதுக்கென்ன. ஏப்பா மயில்சாமி, கேட்டுக்க. இவங்கப்பன் குடுத்தது பத்தர மாத்துப் பொட்டி. பன்னீர்ல குளிப்பாட்டிக் கெடுத்தது இந்த ஊட்டு முத்தாயம்மா. போதுங்களா அம்மிணி?

— போதுமுங்கண்ணா. இனி ஓட மட்டும் வெச்சுருங்க.

— கரியச் சொரண்டியாச்சு. பெட்ரோல் தொட்டுத் தொடச்சுக் காய வெச்சாச்சு. செத்த டயோடையும் மாத்தியாச்சு. மறுக்கா பல்பைக் கோத்திருக்கறேன். போடுங்க பாப்போம்.

— எரியுதுங்க. அண்ணா, மங்குது. மங்கிருச்சுங்க.

— அப்ப எந்திரிச்சுது. பல்பைக் களட்டீட்டு நேராக் குடுக்கறேன். ஏனுங்கம்மா, எட்ட நின்னே பாருங்க. பொட்டு கிட்டு வெச்சராதீங்க.

— புள்ளி புள்ளியா வருது. அட, ஆளு தெரியுதே. பருத்திக்கு மருந்தடிக்கறதப் பத்திப் பேசறான்.

— கண்ணாடியாட்டத் தெரியுதுங்களா? எருமை வித்த பொட்டிங்க அது.

— செரி, செரி கைலாசம், ரொம்பத்தான் பேசாத. சாமிக்குச் செஞ்சதுல குத்தமில்ல, நேரஞ் செரியில்ல, அவ்வளவுதான். டேய் மயில்சாமி, பொட்டி வரலை, நீ கெளம்பு. கலருக்குப் பொங்கலு வரைக்கும் பாக்கலாம். என்ன சௌந்திரம், மரமாட்ட நிக்கற? அதான் இருக்கச் சொல்லீட்டனே. போயிக் கைலாசத்துக்குக் காப்பி வெய்யி.

— காப்பித்தூளு அடுப்புக்கு மேல டப்பாவுல இருக்குதுங்கத்தை. பாலு காச்சி மூடி வெச்சிருக்கறேன். நீங்களே வெச்சுக் குடுங்க.

— என்ன சொன்ன?

— காலையில துணிமணியெல்லாம் கட்டச் சொன்னீங்களே, அந்த மூட்டை கட்டுனபடியே லாரியில இருக்குதுங்க. சொத்தையக் குடுத்து ஏமாத்துனவன் மவளுங்கற பேரோட எங்கப்பன் ஊட்டு வாசல்ல எறங்கக் கூடாதுன்னுதான் இத்தன நேரம் நின்னேன். மயில்சாமியண்ணா, வண்டிய எடுத்தராதீங்க. பொட்டி இங்கயே இருந்துக்கட்டும், நான் மட்டும் வாரேன்.