உபதேசியார் படத்தக் கழுவுன கதை

வீட்டுல தொங்குத ஒங்கய்யா படத்துல இன்னொண்ணு போடணுமா? கொழும்புக்குக் கொண்டு போயிப் பெருசா வரைய வைக்கவா? போட்டுரலாம் தம்பி. ஆனா இன்னைக்கு முடியாது. நம்பலன்னா தொட்டிக்குள்ள கைய விட்டுப் பாரு. தண்ணியா அது, கொதிக்குத ரசம்லா! இந்தச் சித்திரையில பிலிமானாலும் சரி, கடுதாசியானாலும் சரி, கழுவுனா மேல படம் பதிஞ்ச பசை கையோட வந்துரும்.

ஒக்காரு. உலகச் சண்டை முடிஞ்சு இப்பத்தான் கப்பலு ஓடுது, அதுல ஏறி வந்த பிள்ளைய வாசல்ல நிக்க வச்சே அனுப்பிட்டான் தையக்கார இசக்கியப்பன்னு ஊரு பேசும். இந்தா, மோரு குடி.

எனக்கு இந்த வேல எப்படி வந்துதுன்னா கேக்க? ஒரு தொர சீமைக்குப் போகும்போது படம் புடிக்குத பொட்டிய எங்கிட்ட வித்துட்டுப் போனாரு. மூக்காலதான் பேசுவாரு. இஷாக்கி, டண்ணி குளிந்து இரிக்கணும், அவஷரம் கூடாடு. அவ்வளவுதான் படிப்பு. விடியுமுன்ன ஆத்துல மொண்டுட்டு வந்து, பானையச் சுத்தி ஈரச்சாக்கக் கட்டி, படிகாரம் கரைச்ச பொறவுதான் பிலிமத் தொடுவேன். உச்சி வெயில்ல தொட மாட்டேன். ஒரே ஒரு மட்டம் தொட்டேன்.

ஒங்கய்யா படந்தான் அது.

ஒங்கய்யா, அதான் நம்ம இஸ்ரவேல் உபதேசியார், கோயில்ல ஜெபம் பண்ணுத மாதிரி நான் பேசிக் காட்டுனா அவரே நின்னு சிரிச்சுட்டுப் போவாரு. அன்னைக்குக் கோட்டுக்குக் கை தைக்க வந்தவரு, கழத்துறதுக்கு முன்ன ஒரு படம் எடுலே இசக்கின்னாரு. கொழும்புல மாமன் வீட்டுல விட்ட மூணு வயசுப் பிள்ளைக்கு அனுப்பணுமாம். அவன் நம்ம முகத்த மறந்துருவாம்லான்னாரு. ஆமா, ஒனக்குத்தான்.

மறுநாளு மத்தியானம் கடையில பயலுவ கூட்டம். படத்தக் காட்டு, காட்டுன்னானுவ. நாலு பேரு கூடிட்டா எனக்கு இருப்புக் கொள்ளாதே. உள்ள இருட்டறையில சூடேறிக் கெடந்த கெணத்துத் தண்ணியில பிலிமப் போட்டுட்டு வெளிய வந்து, அது ஊறுத வரைக்கும் உபதேசியார் ஜெபம் பண்ணுதாரு பாருங்கலேன்னு ஆரம்பிச்சேன். தோள ஒரு பக்கம் சாய்ச்சு, தொண்டையச் செருமி, தயாளமுள்ள ஆண்டவரேஏஏன்னு இழுத்தா, வண்டிக்காரப் பூதத்தான் சிரிச்ச சிரிப்புல வண்டியில இருந்து விழுந்துட்டான். அவனுவளும் விடல, நானும் விடல. உள்ள போயித் தூக்குதேன், பாலாடை வழிஞ்ச மாதிரி முகம் பூரா தொட்டியில கெடக்கு. பிலிம்ல கோட்டுப் பொத்தான் மட்டும் மிச்சம்.

போனாப் போவுது, திரும்ப எடுத்துக்கிடலாம்னு நெனச்சேன். அன்னைக்குக் காலையிலயே அவருக்குப் பேதி கண்டிருக்கு தம்பி. எனக்குத் தெரியாது. நான் ஜெபம் பண்ணிக் காட்டிட்டு நின்ன நேரம் அவரு பாயில சுருண்டு கெடந்திருக்காரு. சாயங்காலம் அடக்கம்.

மூணாம் நாளு ஒங்கம்மை வந்தாவ. கண்ணு அப்பவே மங்கல், செவுத்தப் பிடிச்சுட்டு நிக்காவ. இசக்கி, பிள்ளைக்குக் காட்ட அவரு முகம் ஒங்கிட்ட மட்டுந்தான் இருக்குன்னாவ. இல்ல அக்கான்னு சொல்லிருக்கணும். வாயி வாயின்னு ஊரு சொல்லுத இந்த வாய்க்கு அன்னைக்கு அந்த ஒரு வார்த்த வரல. நாளைக்குத் தாரேன்னுட்டேன்.

அப்ப ஒங்க வீட்டுல தொங்குத படம் ஏதுன்னா கேக்க? பைய, பைய. அதத்தான சொல்ல வாறேன்.

பதினாலு வருசமா கிறிஸ்மஸுக்குக் கூப்பிட்டு முந்திரிக்கொத்து தாராவ ஒங்கம்மை. படியிலயே வாங்கிட்டு ஓடிருவேன். உள்ள வந்து அண்ணன் படத்தப் பாரேம்பாவ, வேல கெடக்குன்னுருவேன். இன்னைக்கு நீ வேற, அந்தப் படத்துல உள்ள மாதிரியே மீசைய வெட்டிட்டு வந்து நின்னு, எங்கய்யா சாடை இருக்கான்னு கேக்க.

கோட்டு கடையிலதான் கெடந்துது. அவரு கட்டுத தலப்பாவுக்கு வேட்டிக் கிழிசலு. கொஞ்சம் தள்ளி நின்னு, கொஞ்சம் மங்கலா, எம் பெஞ்சாதிய விட்டு விசைய அமுக்கச் சொன்னேன். தோளச் சாய்க்கத்தான் எனக்கு வருமே. மறக்காம அடுத்த நாளு விடியுமுன்ன எந்திச்சு, ஆத்துத் தண்ணியிலதான் கழுவுனேன். நல்லா வந்துட்டு.

அது நாந்தான் தம்பி.

மோரக் கீழ வையி, சிந்துது. ஒங்கம்மைகிட்ட நீ ஒண்ணும் சொல்லாண்டாம். நானே வந்து சொல்லுதேன். நீ கூட மட்டும் வா.