இறக்கை உலராத தட்டான்

— “டிசம்பர் எட்டு, திங்கள். பள்ளிவாசல் தொட்டி வேலையை நேற்று முடிக்காமல் விட்டேன். என் தவறு.”

— ஏ நஷ்வா, தோணி எந்தப் பக்கம் இழுத்துட்டுப் போகுதுன்னே தெரியல, உனக்கு இப்ப தொட்டியும் டைரியுமா?

— எழுதினா பயம் தெரியாது மச்சான்.

— உன் சாயங்கால வகுப்பு வாத்தியார் கரைக்கு வழி சொல்லியிருந்தா அதையும் சேத்துப் படி. விறகு எடுத்த திட்டுலேயே இருந்திருக்கலாம். அங்கேர்ந்து கிளம்பினதும் மழை மூடிடுச்சு. திசை பாக்க வெயிலும் இல்ல, போனும் நனைஞ்சு செத்துப் போச்சு.

— டீசல் எவ்வளவு இருக்கு?

— ஒரு பக்கம் போய்ப் பாக்கலாம். திரும்பி வந்து இன்னொரு பக்கம் பாக்க முடியாது. மேல பாரு, தட்டான் கூட்டமா போகுது. அது பின்னாலயே விடுறேன்.

— வேணாம்.

— கரை எங்கன்னு அதுக்குத் தெரியாதா?

— தெரியும். அது போற கரை ஆப்பிரிக்கா. இந்தியாவுலேர்ந்து வந்து, நம்ம மாலத்தீவுல கொஞ்சம் தங்கிட்டு, காத்தோட கடலைத் தாண்டிடும். வகுப்புல சொன்னாங்க. நான் சரியாத்தான் குறிச்சேனான்னு...

— பாத்தியா. உனக்கே நிச்சயமில்ல. அங்க உங்க அக்கா மீன் சாறு ஆறுதுன்னு கடலையே பாத்துட்டு நிப்பா. உன் நோட்டை நம்பி ரெண்டு பேரு உசிரை வைக்கச் சொல்றே.

— இருங்க. கயித்துல ரெண்டு தட்டான் உக்காந்திருக்கு. இதுக்கு இறக்கை ஓரம் கிழிஞ்சிருக்கு, உடம்பு கெட்டி. ரொம்ப தூரம் வந்தது. இதை வெச்சு ஒண்ணும் சொல்ல முடியாது.

— இன்னொண்ணு?

— தொடாதீங்க. இறக்கை பாலாடை மாதிரி மினுங்குது. உடம்பு மெத்துன்னு இருக்கு. இன்னிக்குக் காலைலதான், புழுவா இருந்த தண்ணியிலேர்ந்து ஏறித் தோலை உரிச்சிருக்கு.

— அதனால?

— இதால தூரம் பறக்க முடியாது. கூட்டம் வர்ற பக்கத்துலேர்ந்துதான் தள்ளாடி வந்து விழுந்துச்சு. கரை அந்தப் பக்கம்.

— அதாவது, கூட்டத்துக்கு எதிரா போகச் சொல்றே.

— ஆமா.

— ஏதாவது ஆளில்லாத் திட்டுல பொறந்திருந்தா?

— திட்டுல மழைத்தண்ணி நிக்காது மச்சான், மணல் குடிச்சிடும். கடல் தண்ணியிலயும் இது பொறக்காது. அப்படித்தான் நினைக்கிறேன்.

— நினைக்கிறியா. சரி, கெட்டியாப் பிடிச்சுக்க. திருப்புறேன்.

— டீசல் பாதி கேன் தீந்துடுச்சு மச்சான்.

— எனக்கும் கண்ணு இருக்கு. நஷ்வா, நம்ம ஊர்ல திறந்து கிடக்கிற நல்ல தண்ணி பள்ளிவாசல் தொட்டி ஒண்ணுதானே?

— ஆமா.

— அதுல நேத்து உன்னைக் கொசு மருந்து ஊத்தச் சொல்லியிருந்தாங்க. ஊத்தினா இந்தத் தட்டான் புழுவும் சேந்துதானே சாகும்?

— சாகும்.

— அப்ப இது எங்க பொறந்தது? வாயைத் திற. நீ சொன்னியேன்னுதான் இருந்த டீசலையெல்லாம் எரிச்சிட்டிருக்கேன்.

— எஞ்சினை நிறுத்துங்க.

— நிறுத்தினா மறுபடி பிடிக்காது.

— நிறுத்துங்க மச்சான். கேக்குதா?

— ... பாங்கு.

— லுஹர் பாங்கு, மதியத் தொழுகைக்கு. நேரா முன்னால.

— நம்ம பள்ளிவாசல் குரல்தான். அப்ப அந்த மருந்து?

— நேத்து ஊத்தல. எழுதிட்டேன், கேளுங்க. “நாளைய வேலை: மருந்து கேனைத் திறக்காமலே திருப்பிக் கொடுக்க வேண்டும்.”